கூலிக்காரனுக்கு வாய்ப்பூட்டா?

காட்டுப்பள்ளித் துறைமுக விஸ்தரிப்பைப் பழவேற்காட்டு மீனவக் கிராமங்கள் எதிர்த்து வருவதை நமது வாசகர்கள் அறிவார்கள். கரை அரித்து முகத்துவாரமும் கெட்டால் இறாலும் நண்டும் ஏது என்பது அவர்கள் முறையீடு. அக்கிராமத்து வாலிபன் ஒருவன் துறைமுகத்திலேயே ஒப்பந்தக் கூலியாயிருந்து, ஊரார் முறையீட்டை வாட்ஸாப்பில் நாலு பேருக்கு எழுதினால் அவன் கதி யாது?

2023ஆம் வருஷம் சென்னை ஹைகோர்ட்டின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன் ஒரு நல்ல தீர்ப்பளித்தார். வாட்ஸாப் குழுவில் மேலதிகாரிகளை இகழ்ந்து எழுதினாரென்று தமிழ்நாடு கிராம வங்கி ஊழியர் ஒருவருக்குக் கொடுத்த குற்றச்சாட்டுக் குறிப்பாணை ரத்தாயிற்று. மனக்குமுறலைக் கொட்டித் தீர்க்க ஊழியனுக்கு உரிமையுண்டு என்றார். மெத்தச் சரி! ஆயினும் அது சர்க்கார் சம்பந்தமுள்ள வங்கி. அரசியல் சாசனத்தின் 19ஆவது ஷரத்து முக்கியமாய்ச் சர்க்காரின் கையையே கட்டும். தனி முதலாளியின் கையை அவ்வளவு எளிதில் கட்டாது. ஒப்பந்தக்காரருக்கோ குறிப்பாணை எழுதும் சிரமங்கூட இல்லை. 'நாளை வரவேண்டாம்' என்றால் போதும்.

தொழில் ரகசியத்தை வெளியிட்டவனைத் தண்டிக்கட்டும், ஆட்சேபமில்லை. வேலை நேரத்துக்குப் புறம்பே தன் ஊர் விஷயமாய் எழுதியவனை நீக்கலாகாதென்று சட்டசபை தெளிவாய் விதி செய்யவேண்டும். வருகிற கூட்டத்திலேயே இதைக் கிளப்பும்படி பொன்னேரித் தொகுதி அங்கத்தினரைக் கேட்கிறோம்.