காலம் எதையும் கண்டுகொள்வதில்லை

மறைந்த எழுத்தாளர் ஒருவருக்கு அறிவிக்கப்பட்ட பரிசை வரவேற்று வந்திருக்கும் கட்டுரை, மெய்யான மேதைமையைக் காலம் கண்டுகொண்டே தீரும் என்கிறது. அதற்குச் சாட்சியாக ஜோஷ் கிப்சனை அழைத்திருக்கிறது. கறுப்பர் என்பதால் மேஜர் லீகில் சேர முடியாமல் நீக்ரோ லீக்குகளில் ஆடிய அந்தப் பேஸ்பால் கேட்சரின் கணக்குகளை 2024 மே மாதம் அமெரிக்க மேஜர் லீக் தன் ஏடுகளில் சேர்த்துக்கொண்டது. அவருடைய வாழ்நாள் பேட்டிங் சராசரி .372; மேஜர் லீக் ஆட்டக்காரர் டை காப்பின் .367ஐத் தாண்டி முதலிடத்துக்கு வந்துவிட்டது. காலம் நீதி வழங்கிவிட்டது என்று கட்டுரை முடிகிறது.

படித்ததிலிருந்து கோபம் தணியவில்லை. காலம் என்ன செய்தது? 1947 ஜனவரி 20 அன்று பிட்ஸ்பர்கில் கிப்சன் இறந்தபோது வயது 35. மூன்று மாதம் நிறைவதற்குள் கறுப்பரான ஜாக்கி ராபின்சன் மேஜர் லீகின் புரூக்ளின் அணிக்காகக் களமிறங்கினார். கிப்சனின் கல்லறையிலோ 1975 வரை பெயர் பொறித்த கல்லே இல்லை. 1966இல் டெட் வில்லியம்ஸ் என்ற ஆட்டக்காரர், பேஸ்பால் புகழ்மண்டபம் இருக்கும் கூப்பர்ஸ்டவுனில் தன்னைக் கௌரவித்த மேடையிலேயே நீக்ரோ லீக் ஆட்டக்காரர்களான சாட்செல் பெய்ஜ், கிப்சன் பெயர்களைச் சொல்லி, அவர்களுக்கும் அங்கே இடம் வேண்டும் என்றார். 1970இல் ராபர்ட் பீட்டர்சன் அந்த லீக்குகளின் வரலாற்றை எழுதினார். 1972இல்தான் கிப்சனுக்கு இடம் கிடைத்தது. பிட்ஸ்பர்க் கூரியர், சிகாகோ டிஃபெண்டர் போன்ற கறுப்பர் ஏடுகள் ஆட்டக் கணக்குகளை அச்சிட்டன. பல பத்தாண்டுகள் கழித்துச் சிலர் மைக்ரோஃபிலிம் முன் உட்கார்ந்து ஆட்டம் ஆட்டமாகத் தேடிச் சேர்த்தார்கள். அச்சில் ஏறாத ஆட்டங்கள் போனவை போனவைதான். அவருடைய நினைவுப் பட்டயம் ஏறக்குறைய 800 ஹோம் ரன் என்கிறது. அவற்றில் பெரும்பகுதி ஊர் ஊராகப் போய் ஆடிய, லீக் கணக்கில் வராத ஆட்டங்களில் அடித்தவை.

கணக்கே பிடிக்காத கலையும் உண்டு. கேட்சர் என்றாலே எங்கள் மனம் நீக்ரோ லீக்குகளில் ஆடிய பிஸ் மேக்கியிடம் போய்விடும். பேட்ஸ்மேனுக்குப் பின்னால் குந்தியிருந்து மைதானம் முழுவதையும் எதிர்முகமாகப் பார்ப்பவர் கேட்சர் ஒருவரே. அடுத்த பந்து எப்படி வரவேண்டும் என்று விரலால் சொல்பவர், பந்தெறியும் பிட்சர் தடுமாறும்போது எழுந்துபோய்ப் பேசுபவர், தரையில் குத்திவரும் பந்தை உடம்பால் மறிப்பவர். மேக்கியிடம் பதின்வயதில் பயின்ற ராய் காம்பனெல்லா பிற்பாடு மேஜர் லீகின் ஒரு பிரிவான நேஷனல் லீகின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருதை மூன்று முறை வாங்கினார். மேக்கி 1965இல் இறந்தார். கூப்பர்ஸ்டவுன் அவரைச் சேர்த்துக்கொண்டது 2006இல். அவர் பிட்சர்களை நடத்திய பக்குவத்தை எந்தச் சராசரியிலிருந்து மீட்பது?

கிப்சனைக் கண்டுகொள்ளப்படாதவர் என்பதே பிழை. எல்லோருக்கும் அவரைத் தெரியும். அவருடைய ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணி வாஷிங்டனில் கிரிஃபித் அரங்கத்தில் ஆடியது. அரங்கின் சொந்தக்காரர் கிளார்க் கிரிஃபித், மேஜர் லீக் அணியான செனட்டர்ஸின் முதலாளி. கறுப்பர் அணியிடம் வாடகை வாங்கியவர். கிப்சனையும் அவருடைய அணித்தோழர் பக் லெனர்டையும் அறைக்கு அழைத்து, மேஜர் லீகில் ஆட விருப்பமா என்று அவர் விசாரித்ததை லெனர்ட் பின்னாளில் சொல்லியிருக்கிறார். விசாரித்ததோடு சரி. மூளையில் கட்டி என்று தெரியவந்த 1943இல்தான் கிப்சனின் சராசரி .466. அந்த ஆண்டும் முதலாளிகள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

நம் பரிசுக் குழுவினரும் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தவர்களே. அந்த எழுத்தாளரை அவர் உயிரோடு இருந்தபோதே படித்தார்கள், கூட்டங்களில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், புத்தகங்களைக் கையெழுத்தோடு வாங்கிக்கொண்டார்கள். ஆண்டுதோறும் அவர் பெயரை ஒதுக்கியது யார், என்ன காரணம் சொல்லி ஒதுக்கினார்கள் என்பதை அவர்களே எழுதட்டும். அடுத்த இதழில் அதற்குப் பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.