மரணசாசன வழக்கும் மனச்சாட்சியும்



தந்தையின் சொத்தைத் தன்னோடு பங்கிடும்படி தன் சகோதரனுக்குச் சொல்லுமாறு, கூட்டத்தினின்று ஒருவன் இயேசுவை வேண்டுகிறான் (லூக்கா 12:13-15). தன் பக்கம் நின்று பேச அவனுக்கு ஒருவர் தேவைப்பட்டார். ஆண்டவரோ பாகம் பிரிப்பவராக இருக்க மறுத்து, பேராசையைக் குறித்து எச்சரித்தார். மரணசாசனத்தின் பேரில் நீதிமன்றம் செல்ல எண்ணும் குடும்பங்கள் இப்பகுதியை முதலில் வாசித்துத் தியானிப்பது நன்று.

ஆயினும் வழக்குகள் யாவும் பேராசையினால் எழுவன அல்ல. நோயுற்ற முதியவரை வற்புறுத்தி ஒப்பமிடுவித்த சாசனங்களும் உண்டு. பெற்றோரை இறுதிவரை பராமரித்த மகளை வீட்டைவிட்டு வெளியேற்ற முனையும் உறவுகளும் உண்டு. அநீதியைத் தட்டிக் கேட்பது பாவமன்று. அவ்வேளை நாம் எத்தகைய சட்டத்தரணியை நாடுகிறோம் என்பது நம் உள்ளக்கிடக்கையை வெளிப்படுத்திவிடும்.

முதல் நாளே வெற்றியை வாக்களிப்பவரைவிட, “சாசனத்தைக் காட்டுங்கள்” என்று கேட்பவரே மேலானவர். நம் நாட்டில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, மரணசாசனம் நொத்தாரிசு ஒருவரினதும் இரு சாட்சிகளினதும் முன்னிலையில், அன்றேல் நொத்தாரிசு இன்றி ஐந்து சாட்சிகளின் முன்னிலையில் ஒப்பமிடப்பட வேண்டும். இம்முறைமை பேணப்பட்டதா, எழுதியவர் தெளிந்த அறிவோடும் சுயவிருப்போடும் ஒப்பமிட்டாரா என்பனவே மாவட்ட நீதிமன்றில் பெரும்பாலும் ஆராயப்படுவன. பங்கு குறைந்துவிட்டது என்ற மனக்குறை மட்டும் சாசனத்தை வீழ்த்தாது. இதனை நம் முகத்துக்கு நேரே சொல்லும் துணிவுள்ளவரைத் தேடுங்கள்.

அவர் இத்தகைய வழக்குகளில் பழக்கமுள்ளவரா, தேசவழமைக்கு உட்பட்ட குடும்பமாயின் அச்சட்டத்தை நன்கறிந்தவரா என்று விசாரியுங்கள். கட்டணத்தை ஆரம்பத்திலேயே தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள். சாசனத்தை எழுதிய நொத்தாரிசையே வழக்குப் பேச அமர்த்த வேண்டாம். அவர் சாட்சியாக அழைக்கப்படக்கூடும். வெளிநாட்டில் வாழும் சகோதரர்கள் அற்றோணித் தத்துவத்தை அனுப்பிவைக்கும் முன், ஊரிலுள்ள உடன்பிறப்போடு ஒருமுறையேனும் மனந்திறந்து பேசட்டும். வசதியற்றோர் 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

சட்டத்தரணிகளின் பாதுகாவலராகத் திருச்சபை போற்றும் புனித இவோ (1253-1303), பிரான்சின் பிரித்தானிப் பகுதியில் வாழ்ந்த குருவானவர். ஏழைகளுக்காகக் கூலியின்றி வாதாடிய அவர், வழக்காளிகளை நீதிமன்றத்துக்கு வெளியே இணக்குவிக்கவும் அரும்பாடுபட்டார். அவரது மனப்பாங்குடைய சட்டத்தரணிகள் நம் மத்தியிலும் உள்ளனர். எதிர்த்தரப்பைத் தூற்றி நம் கோபத்துக்கு எண்ணெய் வார்ப்பவரை விடுத்து, இத்தகையோரை நாடுவோம்.

அன்பர்களே, வழக்கு பல ஆண்டுகள் நீளக்கூடும். தீர்ப்பினால் காணி ஒருவருக்குக் கிடைக்கும்; இழந்த உறவை எந்த நீதிமன்றமும் மீட்டுத் தராது. மரித்த விசுவாசிகளின் தினத்திலே, ஒரே தாய் தந்தையரின் கல்லறைக்குப் பிள்ளைகள் ஒருவர் முகத்தில் ஒருவர் விழியாது தனித்தனியே வந்து திரி கொளுத்திச் செல்லும் காட்சியைச் சேமக்காலைகளில் காண்கிறோமே! அப்பெற்றோரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக எப்படி ஒருமனதாய்ச் செபிப்பது? ஆகவே சட்டத்தரணியின் முன் அமரும்போது, “வெல்லலாமா?” என்று கேட்கும் முன், “இணங்கிப்போக வழியுண்டா?” என்று கேளுங்கள். அக்கேள்வியை மதித்துப் பதிலளிப்பவரிடம் உங்கள் வழக்கை நம்பி ஒப்படைக்கலாம்.