ரிக் டிமாண்டின் தங்கத்தைத் திருப்பித் தர வேண்டும்

1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீச்சலில், ரிக் டிமாண்ட் என்ற 16 வயது அமெரிக்கர் ஆஸ்திரேலியாவின் பிராட் கூப்பரை நொடியின் நூறில் ஒரு பங்கில் முந்தித் தங்கம் வென்றார். சில நாட்களிலேயே அந்தத் தங்கம் பறிபோனது. அவரது சிறுநீர் மாதிரியில் தடை செய்யப்பட்ட எபெட்ரின் இருந்தது. ஆஸ்துமாவுக்காக அவர் உட்கொண்டுவந்த மாராக்ஸ் மாத்திரையில் கலந்திருந்த மருந்து அது. 1,500 மீட்டரில் உலக சாதனையே அவர் பெயரில்தான் இருந்தது; அதன் இறுதிப் போட்டியிலும் அவரை நீந்த விடவில்லை. ஊக்கமருந்து உட்கொண்டவர் என்ற பழி அன்று முதல் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அந்தப் பழி நியாயமற்றது என்பதற்கான ஆதாரம் அப்போதே எழுத்தில் இருந்தது. எந்தெந்த மருந்துகளை உட்கொள்கிறேன் என்பதை மருத்துவப் படிவத்தில் அவர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தார். அதைப் படித்து, தடைப் பட்டியலோடு ஒப்பிட்டு, மாற்று மருந்து தந்திருக்க வேண்டியவர்கள் அணியின் மருத்துவர்கள். அவர்கள் அதைச் செய்யவில்லை. அவர் வழக்குத் தொடுத்த பிறகு, 2001இல் அமெரிக்க ஒலிம்பிக் கமிட்டியே அவரது மருத்துவத் தகவலைச் சரியாகக் கையாளவில்லை என்று ஒப்புக்கொண்டது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி மட்டும் அசையவில்லை.

உடலில் என்ன இருந்தாலும் வீரரே பொறுப்பு என்பது ஊக்கமருந்துத் தடுப்பின் அடிப்படை விதி. அது தளர்ந்தால் ஏமாற்றுபவர் ஒவ்வொருவரும் மருத்துவரைக் கைகாட்டித் தப்பிவிடுவார் என்ற அச்சத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. எபெட்ரின் உடலைத் தூண்டும் மருந்து. நூறில் ஒரு நொடி வித்தியாசத்தில் அது உதவவே இல்லை என்று யாரும் சத்தியம் செய்ய இயலாது. ஆனால் அந்த விதி வீரரிடம் கேட்பது என்ன? மறைக்காதே, முன்கூட்டிச் சொல் என்பதைத்தான். டிமாண்ட் சொன்னார். ஆஸ்துமாக்காரர் உரிய அனுமதி பெற்று மருந்து உட்கொள்ள இன்று முறையான வழி இருக்கிறது. அன்று அவரிடம் இருந்தது அந்தப் படிவம் ஒன்றுதான். ஒரு சிறுவன் நேர்மையாக எழுதித் தந்த தகவலைப் பெரியவர்கள் பார்க்காமல் விட்டதற்கு அவனைத் தண்டிப்பது விதியைக் காப்பதாகாது. அவரது திறமையில் ஐயம் உள்ளவர்கள் மறு ஆண்டு பெல்கிரேடில் நடந்த முதல் உலக நீச்சல் சாம்பியன்ஷிப்பைப் பார்க்கட்டும். அதே 400 மீட்டரில், அதே கூப்பரை வென்று, 4 நிமிடத்துக்குள் நீந்திய முதல் மனிதர் ஆனார் டிமாண்ட். நேரம் 3:58.18.

அதன் பிறகு நல்ல வாழ்க்கை வாழ்ந்துவிட்டாரே, பழைய கணக்கை ஏன் கிளற வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. உண்மைதான், அரிசோனா பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பயிற்சியாளராக இருந்தார். 2004 ஏதென்ஸில் 4x100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் ரிலேயில் உலக சாதனையோடு தங்கம் வென்ற தென்னாப்பிரிக்க நால்வரில் ஷூமன், நீத்லிங், ஃபெர்ன்ஸ் மூவரும் அரிசோனாவில் உருவானவர்கள். ஆனால் கணக்கைத் தீர்க்க வேண்டும் என்பதற்கு இதுதான் வலுவான காரணம் என்று நினைக்கிறேன். என்ன உட்கொள்ளலாம், எதைத் தொடக்கூடாது என்று இளம் வீரர்களுக்குச் சொல்லித்தர வேண்டிய இடத்தில் இருந்தவர் அவர். அவரையே தகுதி நீக்கப்பட்டவராக ஒலிம்பிக் பதிவேடு இன்றும் காட்டுகிறது.

அதற்காக, டிமாண்டுக்குப் பதில் தங்கம் பெற்ற கூப்பரிடமிருந்து எதையும் பிடுங்க வேண்டியதில்லை. 1912 ஒலிம்பிக்கில் வென்று மறு ஆண்டே பதக்கங்களை இழந்த தடகள வீரர் ஜிம் தோர்ப்புக்கு 1982இல் இணை வெற்றியாளர் என்ற இடத்தை இதே சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி தந்தது. 2022இல் அவரைத் தனி வெற்றியாளராகவே அறிவித்தது. நடுவரின் பிழையால் 1992 ஒலிம்பிக்கில் வெள்ளிக்குத் தள்ளப்பட்ட கனடாவின் ஒத்திசைவு நீச்சல் வீராங்கனை சில்வி ஃப்ரெஷெட்டுக்கும் மறு ஆண்டு தங்கம் கிடைத்தது. முதலில் வென்றவரின் தங்கமும் அவரிடமே இருந்தது. தோர்ப் 1953இலேயே இறந்துவிட்டதால் அந்த நீதியைக் கண்ணால் காணவில்லை. டிமாண்ட் விஷயத்திலும் அதுபோல் காலம் கடத்தாமல், மியூனிக் 400 மீட்டர் தங்கத்துக்கு நேரே கூப்பர், டிமாண்ட் என இரு பெயர்களையும் கமிட்டி எழுத வேண்டும்.