கழற்றி எறியப்பட்ட சாட்சி

இலக்கியம் பேசுமிடத்தில் அமெரிக்காவின் பழைய மோட்டார் கார்களுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். மூலம் எது, இடைச்செருகல் எது, நகலை மூலமென்று காட்டி விற்பவர் யார் என்ற கேள்வி ஓலைச்சுவடிக்கு மட்டும் உரியதன்று. இரும்புக்கும் உண்டு. சொல்லப்போனால், பணம் அதிகம் புழங்கும் இடத்தில்தான் இடைச்செருகலும் அதிகம்.

1964 இல் போண்டியாக் ஜி.டி.ஓ. வந்தது முதல் எழுபதுகளின் தொடக்கம் வரை, டெட்ராய்ட் நிறுவனங்கள் பெரிய வி-8 எஞ்சின்களை நடுத்தர அளவுக் கார்களுக்குள் அமர்த்தி இளைஞர்களுக்கு விற்றன. அவற்றுக்கு மஸில் கார் என்று பெயர். இன்று அவற்றைப் புதுப்பிப்பதற்கும், காட்சிக்கு வைப்பதற்கும், ஏலம் விடுவதற்கும் ஒரு தனி உலகமே இருக்கிறது. அந்த உலகத்தின் மந்திரச்சொல் 'ஒரிஜினல்'. எஞ்சினில் பொறித்த எண் வண்டியின் எண்ணோடு பொருந்துகிறதா என்று விளக்கு பிடித்துப் பார்க்கிறார்கள். திருகாணியின் தலையில் உள்ள குறியைக்கூட விடுவதில்லை. அதே கண்கள் இரண்டு பொருள்களை மட்டும் பார்க்க மறுக்கின்றன. ஒன்று, புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள். மற்றொன்று, பானெட்டின் கீழே ஒட்டியிருந்த புகைக் கட்டுப்பாட்டு லேபிள். முன்னதைக் கழற்றி எறிகிறார்கள். பின்னதைப் போலியாக அச்சடித்து ஒட்டுகிறார்கள். இவ்விரண்டும் சேர்ந்து ஒரு வரலாற்றுப் பொய்யைக் காப்பாற்றுகின்றன என்பதே நமது குற்றச்சாட்டு.

அந்தப் பொய் இதுதான்: மஸில் கார்களுக்கு ஒரு பொற்காலம் இருந்தது, அப்போது எந்தக் கட்டுப்பாடும் இல்லை, பிறகு அரசாங்கம் புகைச் சட்டம் கொண்டுவந்து அவற்றைக் கொன்றுவிட்டது. கேட்பதற்கு இனிமையான கதை. ஆனால் ஆண்டுகள் அதற்கு ஒத்துழைக்கவில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் நகரைக் கவிந்த நச்சுப் புகைமூட்டம் வாகனப் புகையும் சூரிய ஒளியும் சேர்ந்து சமைத்தது என்பதை ஆரி ஹாகன்-ஸ்மித் ஐம்பதுகளின் தொடக்கத்திலேயே விளக்கிவிட்டார். கலிபோர்னியா 1966 மாடல் கார்களுக்கே வெளியேற்றுப் புகைக்கு வரம்பு விதித்தது. 1968 மாடல் முதல் அவ்வரம்பு நாடு முழுவதற்கும் வந்தது. மஸில் கார்களின் உச்சம் என்று இவர்கள் கொண்டாடுவது எந்த ஆண்டை? 1970 ஐ. செவெல் காரில் 450 குதிரைத்திறன் என்று விளம்பரப்படுத்தப்பட்ட எல்.எஸ்.6 எஞ்சின் வந்த ஆண்டு அது. நாடு தழுவிய புகைச் சட்டத்துக்கு அப்போது மூன்றாவது மாடல் ஆண்டு நடந்துகொண்டிருந்தது. பொற்காலமும் புகைச் சட்டமும் ஒரே பானெட்டின் கீழே குடியிருந்தன. அந்தக் குடித்தனத்தின் சாட்சிப் பத்திரம்தான் அந்த லேபிள்.

வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் இருந்தன. காப்பீட்டு நிறுவனங்கள் இத்தகைய கார்களுக்குக் கட்டணத்தை ஏற்றின. 1971 இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் எஞ்சின்களின் அமுக்க விகிதத்தைக் குறைத்தது. 1970 ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத்தை எதிர்நோக்கி, ஈயம் குறைந்த பெட்ரோலுக்கு அவற்றைத் தயார்செய்தது. 1972 இல் குதிரைத்திறனை அளக்கும் முறையே மாறியதால் காகிதத்தில் எண்கள் மேலும் சரிந்தன. 1973 இல் எண்ணெய்த் தடை வந்தது. சட்டத்துக்கு இதில் பங்கே இல்லை என்று நாம் சொல்லவில்லை. சட்டம் மட்டுமே கொலையாளி என்ற ஒற்றை வரி வரலாறு ஆகாது என்கிறோம்.

கழற்றி எறியப்பட்ட கருவிகளைப் பார்ப்போம். ஜெனரல் மோட்டார்ஸ் ஏ.ஐ.ஆர். என்றும் ஃபோர்டு தெர்மாக்டர் என்றும் அழைத்தவை ஏறக்குறைய ஒரே கருத்தின் இரு வடிவங்கள். பெல்ட்டால் சுழலும் ஒரு பம்பு வெளிக்காற்றை இழுத்து, எக்ஸாஸ்ட் வால்வை ஒட்டிய இடத்தில் செலுத்தும். எரியாமல் மிஞ்சிய எரிபொருள் ஆவியும் கார்பன் மோனாக்சைடும் அந்தச் சூட்டிலேயே மேலும் எரியும். கிறைஸ்லரோ பம்பைத் தவிர்த்து, கார்புரேட்டர் கலவையை மெலிதாக்கியும் தீப்பொறி விழும் நேரத்தை மாற்றியும் அதே இலக்கை எட்ட முயன்றது. 1970 இல் கலிபோர்னியாவிலும் மறு ஆண்டு நாடு முழுவதும், டாங்கிலிருந்து எழும் பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரித்தூள் டப்பாவும் சேர்ந்தது. பொறியாளர்கள் குறுகிய காலத்தில், நெருக்கடிக்குள் கண்ட விடைகள் இவை. சில நேர்த்தியானவை, சில அவசரக் கோலம். இரண்டுமே அக்காலத்தின் கையெழுத்து.

லேபிளில் எஞ்சினின் கொள்ளளவு, ஐடிலிங் வேகம், இக்னிஷன் டைமிங், எந்த ஆண்டு விதிகளுக்கு வண்டி உடன்படுகிறது என்ற வாசகம் ஆகியவை இருக்கும். பலவற்றில் பகுதி எண்ணும் குறியீட்டு எழுத்துகளும் உண்டு. எனவே அதை வாசிப்பவர் முதலில் நான்கு செய்திகளைப் பொருத்திப் பார்க்கவேண்டும்: மாடல் ஆண்டு, எஞ்சின், கியர் வகை, கலிபோர்னியாவுக்கான வண்டியா அன்றா என்பது. நான்கில் ஒன்று இடறினாலும் ஐயம் கொள்ள இடமுண்டு.

வாசகத்தின் சொற்களே சில வேளை காட்டிக்கொடுக்கும். சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பிறந்தது 1970 டிசம்பரில். அதற்கு முன் இப்பொறுப்பு சுகாதார, கல்வி, நல்வாழ்வுத் துறையிடம் இருந்தது. 1970 மாடல் லேபிள்கள் அத்துறையின் பெயரையே சொல்கின்றன. 1969 மாடல் கார் ஒன்றில் முகமையின் பெயர் இருந்தால், பிறக்காத குழந்தை சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறது என்று பொருள்.

இரும்பையும் வாசிக்கலாம். 1969 கமாரோ இசட்-28 கார்கள் எல்லாமே ஏ.ஐ.ஆர். பம்புடன் ஆலையை விட்டு வந்தவை. பம்பைக் கழற்றியவர்கள் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் காற்றுக்குழாய் நுழைந்த மரையிட்ட துளைகளை அடைப்பான் போட்டு மூடினார்கள். அந்த அடைப்பான்கள் பல் விழுந்த ஈறுபோல இன்றும் உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. ரோசெஸ்டர் நிறுவனத்தின் குவாட்ராஜெட் கார்புரேட்டரில் எண் 7040 என்று தொடங்கினால் அது 1970 க்குரியது. அடுத்த இலக்கம் 5 ஆக இருந்தால் கலிபோர்னியாவுக்குரியது. அத்தகைய கார்புரேட்டர் அமர்ந்திருக்கும் காரில் கரித்தூள் டப்பாவோ ஆவிக்குழாயோ இருந்த தடயமே இல்லையென்றால், இரண்டில் ஒன்று வந்தேறி. எந்த உதிரிப்பாகத்தின் தேதிக்குறியும் வண்டி கட்டப்பட்ட நாளுக்குப் பிந்தியதாக இருக்கக்கூடாது. மறுவண்ணம் பூசிய தகட்டின் மேல் பளபளவென்று உட்கார்ந்திருக்கும் லேபிள் தன் மூலத்தைத் தானே மறுக்கிறது. உருப்பெருக்கியின் கீழே எழுத்து நுண்புள்ளிகளாகச் சிதறினால் அது இன்றைய டிஜிட்டல் அச்சு. சிதறாவிட்டால் மூலம் என்று முடிவுகட்டவும் கூடாது. பழைய முறையில் திரை அச்சிட்ட போலிகளும் உண்டு.

இவ்வளவு கவனம் ஏன்? 1970 செவெல்லின் வண்டி எண் எந்த எஞ்சினோடு அது பிறந்தது என்று சொல்லாது. ஆகவே ஆலைத்தாள், எஞ்சின் முத்திரை, லேபிள் போன்ற துணைச் சான்றுகளின் மேல்தான் விலை நிற்கிறது. அந்த லேபிளைத் தபாலில் வாங்கிவிடலாம் என்றால் சான்று என்ன, சாட்சியம் என்ன? நகல் அச்சிடுவதை நாம் குறைசொல்லவில்லை. நகல் என்று அதன்மேல் ஓர் ஓரத்திலாவது சொல்லாததைக் குறைசொல்கிறோம். நகைப்புக்குரிய காட்சி ஒன்றும் உண்டு: பம்பு இருப்பதாக லேபிள் சாதிக்கும், எஞ்சினிலோ பம்பு இராது. சாட்சியைக் கொன்றுவிட்டு வாக்குமூலத்தை மட்டும் பொய்யாக எழுதி வைத்த கதை.

மறுப்புகளை நாம் அறிவோம். "முதல் உரிமையாளரே வாங்கிய வாரத்தில் பம்பைக் கழற்றி வீசினார், அதுவும் வரலாறுதானே?" ஆம், வரலாறுதான். அப்படியானால் அதை அப்படியே எழுதி வைக்கட்டும். உரிமையாளர் கைவைத்த பிரதி என்று சொல்லி நிறுத்தட்டும், வணங்குகிறோம். கழற்றிய வண்டிக்கு 'ஆலையிலிருந்து வந்தபடியே' என்று பட்டம் கட்டுவதைத்தான் ஏற்கமாட்டோம். "கலிபோர்னியாவே 1975 வரையிலான மாடல்களைப் புகைச் சோதனையிலிருந்து விலக்கிவிட்டதே?" சோதனைக்கு விலக்கு என்பது கருவியை அகற்ற உரிமம் அன்று. தூய காற்றுச் சட்டம் கருவிகளை முடக்குவதை 1970 இல் உற்பத்தியாளருக்கும் விற்பனையாளருக்கும், 1977 இல் பழுதுபார்ப்போருக்கும், 1990 இல் எவருக்கும் தடைசெய்தது. "அசிங்கமாக இருக்கிறது" என்பது மூன்றாவது மறுப்பு. பிடிக்காத பாடலை நீக்கிவிட்டுத் தொகைநூல் பதிப்பிப்பவரை நாம் பதிப்பாசிரியர் என்று அழைப்பதில்லை.

காட்சி நடுவர்களிடம் நாம் கேட்பது அதிகமன்று. பம்பில்லாத இசட்-28 க்கு மதிப்பெண்ணைக் குறையுங்கள். நகல் லேபிளுக்கு நகல் என்று குறிப்பெழுதுங்கள். கிழிந்து, எண்ணெய் படிந்து, பாதி எழுத்து அழிந்த மூல லேபிளைச் சுரண்டாமல் விட்டவருக்கு ஒரு மதிப்பெண்ணாவது கூட்டுங்கள். உரிமையாளர்களிடம் கேட்பது இன்னும் எளிது: மூலம் தொலைந்துவிட்டதென்றால் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள். சிதைந்த சுவடியில் எழுத்து விழுந்த இடத்தைப் புள்ளிகளால் காட்டும் நேர்மை பதிப்பாளருக்கு உண்டு. அதே நேர்மை பானெட்டின் கீழேயும் வேண்டும் என்கிறோம்.