படம் அனுப்பவும் பட்டயமா?

போட்டோப் படங்களை அவற்றிலுள்ள ஆள், இடம், தேதி முதலியவற்றைக் கொண்டு பொறுக்கியெடுத்துக் கம்பியில்லாமல் இன்னொரு யந்திரத்திற்கு அனுப்புவது எங்கள் சொத்து, எங்களுக்குப் பணம் கட்டாமல் ஒருவரும் அதைச் செய்யக் கூடாது என்று ஒரு கம்பெனி சொன்னால் கேட்கிறவனுக்குச் சிரிப்புத்தான் வரும். ஆனால் அமெரிக்காவில் அப்படிச் சொன்ன கம்பெனியின் கையில் சர்க்கார் முத்திரை போட்ட பேட்டண்ட் காகிதம் ஒன்று இருந்தது. ஆகையால் சிரித்துவிட்டுப் போக முடியவில்லை.

ராத்ஸ்சைல்டு பேட்டண்ட் இமேஜிங் என்பது அதன் பெயர். பேட்டண்டைக் காட்டிப் பணம் கேட்பதுதான் அதற்குத் தொழில். 2019 ஆகஸ்டு மாதத்தில் அது கலிபோர்னியாக் கோர்ட்டில் க்னோம் பவுண்டேஷன்மீது வழக்குப் போட்டது. க்னோம் லாபத்திற்கு நடக்கும் கடையல்ல. அதன் ‘ஷாட்வெல்’ என்னும் படம் அடுக்கும் மென்பொருளை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம்; உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். இப்படிக் கொடுத்ததுதான் குற்றமாகிவிட்டது!

கம்பத்தில் ஒருவர் பன்னீர் திராட்சைக்குப் பந்தல் போடும் விதத்தை நாலு பேருக்குச் சும்மா சொல்லிக்கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கிருந்தோ ஒரு ஆசாமி வந்து, “கல் ஊன்றிக் கம்பி இழுப்பது என் யோசனை, சொல்லிக்கொடுத்ததற்கு அபராதம் வை” என்றால் எப்படியிருக்குமோ அப்படித்தான் இதுவும். (2023-ல் நம் திராட்சைக்குக் கிடைத்த புவிசார் குறியீடு வேறு சங்கதி. அது ஊர்ப் பெயரைக் காப்பாற்றுகிறது; பயிரிடும் வித்தையைப் பூட்டி வைக்கவில்லை.)

இதிலுள்ள சூது எங்கேயிருக்கிறதென்றால், மிரட்டுகிறவனுக்கு வழக்கில் ஜெயிக்கவேண்டிய அவசியமே இல்லை. அந்நாட்டில் பேட்டண்ட் வழக்கை நடத்தி ஜெயிக்க ஆகும் செலவு, கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்வதற்கு ஆகும் செலவைவிடப் பல பங்கு அதிகம். கெட்டிக்கார வியாபாரி கணக்குப் பார்த்துக் கொடுத்துவிடுவான். கொடுத்ததை விற்பனை விலையில் ஏற்றியும் விடுவான். ஒன்றையும் விற்காதவன் எதில் ஏற்றுவது?

தனி மனிதனென்றால் கதி இன்னும் மோசம். ஜெர்மனியில் பர்ட்வாங்கன் என்னும் ஊர்க் கல்லூரியில் ஆசிரியரான ஹெல்முட் டெர்ஷ், பல படங்களை ஒட்டிச் சுற்றுப்புறம் முழுவதையும் ஒரே காட்சியாக்கும் ‘பனோரமா டூல்ஸ்’ என்ற கருவியை எழுதி உலகத்திற்குக் கொடுத்தார். அமெரிக்காவிலே ஐபிக்ஸ் என்ற கம்பெனி இதே மாதிரிக் காட்சிக்குப் படத்திற்கு இவ்வளவு என்று வசூலித்துக் கொண்டிருந்தது. அது பேட்டண்டைச் சொல்லி இவரை மிரட்டிற்று. கணிதமும் பௌதிகமும் கற்ற அந்த மனிதர் என்ன செய்தார்? அகன்ற வில்லையின் காட்சி 160 டிகிரிக்கு மேல் போகாதபடி தம் கருவியைத் தாமே முடக்கினார். 2001-ல் அந்த வேலையையே விட்டுவிட்டார். எந்த நீதிபதியும் அவரைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. தபாலே தீர்ப்பாகிவிட்டது! அந்த ஐபிக்ஸும் 2006-ல் திவாலாயிற்று. டெர்ஷ் முன்கூட்டியே மூல எழுத்தைப் பொதுவில் கொடுத்திருந்தபடியால் மற்றவர்கள் அதை எடுத்து நடத்தினார்கள். இன்றும் ‘ஹ்யூகின்’ என்ற பெயரில் வழங்கும் கருவிக்குள் அவர் வேலை இருக்கிறது.

க்னோம் பணம் கொடுக்க மறுத்தது. 4,000 பேருக்கு மேல் சேர்ந்து சுமார் 1,50,000 டாலர் போட்டார்கள்; வக்கீல்களும் கூலி வாங்காமல் நின்றார்கள். 2020 மே மாதத்தில் கம்பெனி வழக்கைக் கைவிட்டதோடு, இப்படிப் பொதுவில் வழங்கப்படும் எந்த மென்பொருள்மீதும் தன் பேட்டண்டுகளைக் கொண்டு வருவதில்லை என்று எழுதியும் கொடுத்தது. பிறகு ஒரு வக்கீல் அந்தக் காகிதத்தையே மறுபரிசீலனைக்கு அனுப்பினார். 2022-ல் பேட்டண்ட் ஆபீசே அது செல்லாது என்று ரத்துச் செய்தது. முத்திரை போட்டவர்களே அழித்தார்கள்! இத்தனை வருஷமும் அதற்குப் பயந்து பணம் கட்டியவனுக்கு யார் திருப்பிக் கொடுப்பது?

நிற்க, தேனியிலும் கம்பத்திலும் ஸ்டூடியோ வைத்திருப்பவருக்கும், வீட்டில் உட்கார்ந்து மென்பொருள் எழுதும் போடிப் பையனுக்கும் இதில் என்ன என்று கேட்கலாம். பக்கத்து மதுரைக்காரர் ஒருவர் இரண்டு சிம் போடும் போனுக்கு 2008-ல் பேட்டண்ட் வாங்கினார். 2009-ல் அதைக் காட்டியே அப்படிப்பட்ட போன்களைச் சுங்கத்தில் நிறுத்தவும் முடிந்தது. 2012-ல்தான் மேல்முறையீட்டு வாரியம் அதை ரத்துச் செய்தது. ஆகவே இது நம் ஊர் எல்லைக்கு வராத பூதமல்ல.

மென்பொருள் விஷயத்தில் மட்டும் நம் சட்டத்தில் ஒரு வேலி இருக்கிறது. 1970-ம் வருஷத்துப் பேட்டண்ட் சட்டத்தின் 3(கே) பிரிவு, கணித முறையும் கம்ப்யூட்டர் நிரலும் தன்னளவில் கண்டுபிடிப்பாகா என்கிறது. இதை 2004 டிசம்பரில் ஒரு அவசரச் சட்டத்தினால் தளர்த்தப் பார்த்தார்கள். 2005-ல் பார்லிமெண்ட் அதை ஏற்கவில்லை. முன்வாசல் அடைபட்டதும் கொல்லை வழி தேடினார்கள். 2015 ஆகஸ்டில் பேட்டண்ட் ஆபீஸ் வெளியிட்ட வழிகாட்டிக் குறிப்பு எதிர்ப்பினால் டிசம்பரில் நிறுத்தப்பட்டது. 2016-ல் நிரலுக்குப் புதிய யந்திரப் பாகமும் சேர்ந்திருக்கவேண்டும் என்று வைத்தார்கள். 2017-ல் அதையும் எடுத்துவிட்டார்கள். “தன்னளவில்” என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எத்தனை யானை நுழையுமென்று வக்கீல்கள் அளந்துகொண்டேயிருக்கிறார்கள். பார்லிமெண்ட் மறுத்ததை ஆபீஸ் குறிப்பு கொடுக்கலாமா என்று நம் மெம்பர்களை யாராவது கேட்டோமா?

இந்நாட்டில் எவரும், பேட்டண்ட் கொடுக்கப்படுமுன் 25-ம் பிரிவின்படி எழுத்துமூலம் ஆட்சேபிக்கலாம். சென்னை கிண்டியிலேயே ஆபீஸ் இருக்கிறது. கொடுத்தபின் ஆதாரமில்லாமல் மிரட்டினால் 106-ம் பிரிவின்படி மிரட்டியவன்மேலேயே ஜில்லாக் கோர்ட்டில் வழக்குப் போட்டுத் தடையும் நஷ்டமும் கேட்கலாம். இப்படியொரு பேட்டண்ட் இருக்கிறது என்று வெறுமனே தெரிவிப்பது மட்டும் மிரட்டலாகாது. ஆகையால் நோட்டீஸ் வந்தால் எழுதியதை அழிக்க ஓடாமல், பேட்டண்டின் நம்பர் என்ன, அது இந்தியாவில் பதிவானதா, எந்த வரி தன் வேலையைத் தொடுகிறது என்று பதில் கேட்டு எழுதுங்கள். அமெரிக்கப் பேட்டண்ட் அமெரிக்காவுக்குத்தான்.