பகடையைத் திட்டாதே, கணக்கைப் போடு!

‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய விளையாட்டு. ஆளுக்கொரு பாத்திரம், சண்டை வந்தால் 20 முகப் பகடைதான் தீர்ப்பு சொல்லும். புதுசா வந்தவனின் வீரன் தோத்துக்கிட்டே இருந்தா, பழைய ஆள் பேப்பரைப் பிடுங்கித் தானே எழுதிக் கொடுத்துடுறார். இது உதவியே இல்லை என்பது என் கட்சி.

எங்க வீட்டில் முதன்முதலா படிக்க வந்தவன் நான். ரெக்கார்டு நோட்டைக் காப்பியடிக்கக் கொடுத்த சீனியர்கள் நிறையப் பேர். வெர்னியரைக் கையில் கொடுத்து அளவெடுக்க வைத்தவர் ஒருத்தர்தான். அவர் சொன்னதுதான் மனசில் நிக்குது!

அதனால கணக்கைக் காட்டுங்க. 2014 விதிப்படி கனமான ஆயுதக்காரனுக்கு ஒரு திறமை: பகடையில் 5 குறைத்துக்கொண்டால் அடியில் 10 கூடும் (2024 விதியில் மாற்றிவிட்டார்கள்). பகடையோடு 5 கூட்டிக்கொள்ளும் வீரன், சராசரி அடி 10, எதிரியின் காப்பு எண் 15 என்று வையுங்கள். 20 வீச்சில் 11 படும், மொத்தம் 110. திறமையைப் போட்டால் 6 தான் படும், ஆனா 120! காப்பு எண் 18 ஆனால் தலைகீழ்: போடாவிட்டால் 80, போட்டால் 60. எழுதிக் கொடுத்த பேப்பர் இதைச் சொல்லுமா?

இன்னொன்று. உயிர்ப் புள்ளி ஒன்றே மிச்சமுள்ள அரக்கனும் முழு பலத்தோடுதான் அடிப்பான். நாலு பேரும் ஆளுக்கொருத்தனை அடிக்காம, முதலில் ஒருத்தனைச் சாயுங்கள். இதுக்குப் புது வாள்கூட வேண்டாம்; யாரை அடிக்கிறேன்னு பக்கத்து ஆளைக் கேட்டாப் போதும்.