எங்கள் மலைக்கு எத்தனை கிராம சேவகர்?

பொது நிருவாக, மாகாண சபைகள் மற்றும் உள்ளூராட்சி அமைச்சர் அவர்களுக்கு,



என் அண்ணி கொழுந்து பறிப்பவர். மகனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வதிவிடச் சான்றிதழ் வேண்டுமென்று ஒருநாள் வேலைக்குப் போகாமல் கிராம சேவகரைத் தேடிப் போனார். வாசலில் முப்பது பேர் நின்றார்கள். அண்ணியின் முறை வருவதற்குள் கிராம சேவகரைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அடுத்த அலுவலக நாளில் போனார். தோட்டத்துக் கடிதம் இல்லையென்று திரும்பி வந்தார். மூன்றாம் தடவைதான் கையெழுத்துக் கிடைத்தது. மூன்று நாள் பேர், அதாவது நாட்கூலி, போனது. அந்தக் கிராம சேவகர் மீது எனக்குக் கோபமில்லை. மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே அவர் எழுதிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். அவருடைய பிரிவுக்குக் கோடு போட்டவர்கள் மீதுதான் கோபம்.

2012 குடிசன மதிப்பீட்டின்படி நுவரெலியா மாவட்டத்தில் 711,644 பேர். கிராம சேவகர் பிரிவுகள் 491. அப்போதிருந்த ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகளில் ஒன்றான ஹங்குராங்கெத்தவில் 88,528 பேருக்கு 131 பிரிவுகள். ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவ எல்லாம் அடங்கிய அம்பகமுவவில் 205,723 பேருக்கு 67. அங்கே ஒரு பிரிவுக்குச் சராசரி 676 பேர், இங்கே 3,070 பேர். நுவரெலியாப் பிரிவிலும் இதே கதைதான்: 212,094 பேருக்கு 72. தோட்டங்கள் நிறைந்த இந்த இரண்டிலும் மாவட்டத்து சனத்தில் பாதிக்கு மேல் இருக்கிறது. கிராம சேவகர் பிரிவுகளோ கால்வாசிக்குச் சற்று அதிகம்தான்.

ஹங்குராங்கெத்த மக்களிடமிருந்து ஒரு பிரிவைக்கூடப் பிடுங்கச் சொல்லவில்லை. சரிவுகளில் சிதறிக் கிடக்கும் அந்தக் கிராமங்களுக்கு 131 பிரிவுகளும் வேண்டும். எங்களுக்கும் அதே நியாயத்தில் வேண்டும் என்கிறேன்.

எல்லை வகுத்தபோது கிராமம் இருந்த இடத்தில் கோடுகள் நெருங்கி விழுந்தன. தோட்டம் துரையின் இராச்சியமாக இருந்தது. அதைப் பக்கத்துக் கிராமத்தோடு மொத்தமாக ஒட்டிவிட்டார்கள். 1948-இல் குடியுரிமையைப் பறித்த பிறகு லயத்து ஆளை மனதில் வைத்து எல்லை வகுக்கவேண்டிய தேவை யாருக்கும் இருக்கவில்லை. தோட்டம் மட்டும் எங்களை எண்ணாமல் விட்டதில்லை. பிரட்டுக்களத்தில் தலையை எண்ணினார்கள், செக்ரோலில் பேர் போட்டார்கள், கொழுந்தைக் கிலோக் கணக்கில் நிறுத்தார்கள். குடியுரிமையும் வாக்கும் திரும்பி வந்து இத்தனை வருடமாகியும், அரசாங்கம் எங்களை அந்த அளவுக்குக்கூடக் கவனமாக எண்ணவில்லை.

இது வெறும் வரிசையில் நிற்கிற பிரச்சினை அல்ல.  மண்சரிவு வந்தால் நிவாரணப் பட்டியலும் கிராம சேவகரின் மேசையில்தான். பணமும் அந்தக் கோட்டைப் பார்த்தே பங்கிடப்படுகிறது. 2022-க்கான வரவு செலவுத் திட்டத்தில் ஒவ்வொரு கிராம சேவகர் பிரிவுக்கும் 30 இலட்சம் ரூபாய் என்று முன்மொழிந்தார்கள். 676 பேருக்கும் 30 இலட்சம், 3,070 பேருக்கும் 30 இலட்சம். தலைக்கு அங்கே 4,400 ரூபாய்க்கு மேல், இங்கே ஆயிரத்துக்கும் குறைவு. அந்த வருடம் நாடே நொடிந்தது. வாசித்த பணம் எவ்வளவு வந்தது என்பது வேறு விடயம். ஆனால் வாசித்த அன்றே எங்கள் பங்கு குறைந்துவிட்டது.

2019-இல் மாவட்டத்தின் ஐந்து பிரதேச செயலகங்களைப் பத்தாக்க முடிவெடுத்தார்கள். நோர்வூட்டும் தலவாக்கலையும் வருமென்று நாங்களும் மகிழ்ந்தோம். பிறகுதான் கணக்குப் பார்த்தேன். ஐந்தையும் இரண்டிரண்டாக வெட்டியிருந்தார்கள். 88,528 பேருக்கு ஹங்குராங்கெத்த, மதுரட்ட என்று இரண்டு. 205,723 பேருக்கும் அம்பகமுவ, நோர்வூட் என்று இரண்டுதான். பழைய ஏற்றத்தாழ்வு அப்படியே இரண்டாக மடிந்திருந்தது. மேலே புதுப் பெயர்ப்பலகை மாட்டினாலும், கீழே கிராம சேவகர் பிரிவின் கோடு நகராவிட்டால் அண்ணிக்கு எதுவும் மாறாது.

கோடு நகராது என்று யாரும் சொல்ல முடியாது. 2018 உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன் நுவரெலியா, அம்பகமுவ என்ற இரண்டு பிரதேச சபைகள் ஆறாகின. அக்கரபத்தனைக்கும் கொட்டகலைக்கும் மஸ்கெலியாவுக்கும் நோர்வூட்டுக்கும் தனிச் சபை கிடைத்தது.

இன்னொன்றும் கேளுங்கள். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019 கணிப்பில் நாட்டின் வறுமை 14.3 சதவீதம், தோட்டத்துறையில் 33.8. கேட்டவர்கள் அனுதாபப்படுகிறார்கள். ஆனால் அது எல்லாத் தோட்டங்களையும் சேர்த்துச் சொன்ன எண். எந்த லயத்துக் கூரை ஒழுகுகிறது, தோட்டத்தின் எந்த டிவிசனில் குழாய்த் தண்ணீர் இல்லை என்பதை அது சொல்லாது. அதற்கு அடிமட்டக் கணக்கு வேண்டும். அங்கே போனால் கடைவீதி, கிராமம், நான்கைந்து டிவிசன் எல்லாம் ஒரே பிரிவுக்குள் கிடக்கின்றன. கடைவீதி மாடிவீடும் பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பராவும் ஒரே சராசரியாகி, லயத்தின் குறை அதற்குள் கரைந்துபோகிறது.

ஆகவே அமைச்சரே, தலைக்கணக்கைப் பார்த்துக் கிராம சேவகர் பிரிவுகளை மறுபடி வகுக்கச் சொல்லுங்கள். தோட்டத்து டிவிசனின் எல்லையையே பிரிவின் எல்லையாக வையுங்கள். மலையில் எந்த ஓடை எந்த டிவிசனைப் பிரிக்கிறது என்று கங்காணிமாருக்குத் தெரியும். ஒவ்வொரு காம்பராவுக்கும் இலக்கமும் முகவரியும் கொடுங்கள். வரைபடத்தைத் தமிழிலும் வெளியிடுங்கள்.

எல்லை வகுக்கும் குழு எங்களைக் கேட்க வருமானால் ஹட்டன் நகர மண்டபத்துக்குக் கூப்பிட வேண்டாம். தோட்டத்துக்கே வரட்டும், அந்திக் கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு. பகலில் வந்தால் பேர் போகுமென்று பெண்கள் யாரும் வரமாட்டார்கள்.

இப்படிக்கு,
ஹட்டனுக்கு அருகே லயத்தில் பிறந்து, அதே மலையில் பாடம் சொல்லிக் கொடுக்கும் ஓர் ஆசிரியர்